காலி எடை

பெட்டி முதலில் வந்துவிட்டது. தப்பு அங்கேதான்.
கழனிவாசல் பட்டறையில் தகரமும் பிளைவுட்டுமாக
எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை.
மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி.
நாலு ஜாக்கியில் நிற்கிறது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

அதைச் சுமக்க ஒரு பிக்கப் வேண்டும்.

வயிரவனுக்கு முதல் வண்டியே போதும்.
வெள்ளை, ஏசி, இரண்டு வரிசை சீட்டு.
"யாராவது கூட வந்தா?"
யார் வருவார்கள்.
பின்னால் போய் டேப்பை விரித்தேன், நாலே முக்கால் அடி.
எங்கள் கால்கள்
ராமேஸ்வரம் வரை ரோட்டில் தொங்கும்.

இரண்டாவதில் நீளம் சரி.
குனிந்து பட்டைகளை எண்ணினேன்.
ஐந்து. மூன்றாவதின் மேல் மட்டும் புதுக் கறுப்பு.
"சும்மா அழகுக்கு அடிச்சது மேடம்" என்றார் புரோக்கர் சந்தியாகு.
முப்பத்தோரு வருஷம் வங்கியில் நோட்டு எண்ணிய விரல் இது.
பெயிண்டுக்குக் கீழே வெல்டிங் தடம்
ஒட்டுப்போட்ட ஐந்நூறு ரூபாய் போல நெருடியது.

கானாடுகாத்தான் வீட்டில்
எங்கள் புள்ளிக்கு உள்ளது ஒரே ஓர் அறை,
ஆறில் ஒரு பங்கில் நாலில் ஒன்று.
போன மாதம் அங்கேயும் டேப் போட்டுப் பார்த்தேன்.
ஒன்பதுக்கு ஏழு. சுவர் மட்டும் இரண்டடி.
அதற்கு ஏற்ற வண்டி
எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

மூன்றாவது, பள்ளத்தூர் ரோட்டில்
புளியமர நிழலில் நின்றது.
கோழி ஏற்றிய வண்டி. பத்தடி தள்ளியே நாற்றம் வரவேற்றது.
வயிரவன் கைக்குட்டையை எடுத்தார்.
நான் அடியில் நுழைந்தேன்.
ஏழு பட்டை. ஒன்றிலும் பொய் இல்லை.

புதுவயல் அரிசி ஆலை எடை மேடையில் ஏற்றினோம்.
ஜபருல்லா சீட்டை நீட்டினார்.
காலி எடை ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
ஆர்.சி. புத்தகம் அனுமதிப்பதில் அதைக் கழித்தால்
ஆயிரத்து ஐம்பது மிச்சம்.
பெட்டி எழுநூற்றுப் பதினைந்து,
தண்ணீர் அறுபது, சிலிண்டர் முப்பது,
பேட்டரி நாற்பத்தெட்டு,
பாத்திரம் பண்டம் எழுபத்தொன்று,
நான் ஐம்பத்தெட்டு.
இன்னும் அறுபத்தெட்டுக்குத்தான் இடம்.
வயிரவன் எண்பத்தொன்று.

"பதிமூணு கிலோவுக்காக என்னை விட்டுட்டுப் போவியா?"

பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று.
பாத்திரம் பண்டம் என்ற வரிக்குள்
அவரிடம் சொல்லாமல் நான் வைத்திருந்த கிரைண்டர்.
பேட்டரியில் அது ஓடவும் ஓடாது.
பேனாவை எடுத்து அடித்தேன்,
கொஞ்சம் அழுத்தமாகவே.

"காலியா ஓட்டினா துள்ளும் மேடம்,
பாரம் ஏறினா உட்காந்துடும்" என்றார் சந்தியாகு,
முன்பணத்தை இரண்டு முறை எண்ணியபடி.

ஸ்டீயரிங் என் கையில்.
கோட்டையூர் தாண்டித் தண்டவாளத்தில் ஏறியதும்
இரண்டு தலையும் கூரையில் இடித்தன.
டேஷ்போர்டு இடுக்கிலிருந்து
ஒரு வெள்ளை இறகு கிளம்பி, சுற்றி,
அவர் மீசையில் போய் உட்கார்ந்தது.
அவருக்குத் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை, வீடு வரை.

காலையில் ஃபினாயில் வாங்க வேண்டும்.
இரண்டு லிட்டர்.
அதாவது, இரண்டு கிலோ.