ஃபேனை நிறுத்திவிட்டு

கொலுசை நிறுக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு.
மூச்சுக்கூட மில்லிகிராம் காட்டும்.
சிவதாபுரத்தில் ஆறு வருடமாக
இதுதான் என் வேலை.

முதலாளி பெயர் அர்த்தனாரி.
இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.
பாசமாகத்தான். அதுதான் சிக்கல்.
திட்டுகிறவருக்குப் பதில் வைத்திருக்கிறேன்.
தீபாவளிக்கு பேண்ட் துணி எடுத்து
அதன்மேல் ஒரு முழம் மல்லிகையும் வைத்துக் கொடுப்பவரை
என்ன செய்வது?

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்.
ஆபீஸ் கணக்கு. பதினாறாயிரம், தங்க அறை.
இங்கே பதினெட்டு, வாடகை போனால் பதிமூன்றரை.
இதுவரை கணக்கு சுலபம்.

அப்புறம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.
அதற்குப் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கி வர அரை நாள் லீவு,
லீவுக்கு ஒரு காரணம்,
காரணத்துக்கு ஒரு பொய்.
அறையில் இன்னொருவர் இருப்பாரா.
குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டா.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மேகலாவும்
ஆதாரில் சீராளனும்
ஒரே ஃபைலில் அடுத்தடுத்து இருக்கும்போது
மேனேஜரின் விரல் எதன்மேல் நிற்கும்.

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றபடி
தமயந்தி அக்கா சொன்னாள்:
"உனக்கென்னடா, மீசை வந்துருச்சு.
பஸ்ஸுல ஏறுனா ஆளோட ஆளா கரைஞ்சுருவ.
நான் ஏறுனா பஸ்ஸே திரும்பிப் பாக்கும்.
மூணு ஊரு மாத்திட்டேன்,
வீட்டுக்காரன் கேக்குற கேள்வி மாறல."
கடைசி செட்டை என் பக்கம் தள்ளினாள்.
"போ. ஆனா கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு
பாத்து வச்சுக்க."

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல்
ஊரைப் பார்க்கப் போனேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
கொண்டை, ஊசி, இரண்டும் எனக்குப் பழக்கம் என்று
ஏழாவதில் சிரித்தேன்.
எட்டாவதில் வாந்தி.
பக்கத்து சீட்டுப் பையன்
எலுமிச்சம்பழம் நீட்டினான்: "மோந்து பாருங்கண்ணா."

அண்ணா.
இதை எந்தத் தட்டில் வைப்பது?

ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சலூன்.
எங்கள் தெருச் சலூன்காரன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன்.
அதனால் இரண்டு வருடமாக
கண்ணாடியைப் பார்த்து நானே வெட்டிக்கொள்கிறேன்.
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
துணி போர்த்தி, தலையைக் குனியவைத்து,
பின்கழுத்தில் கத்தியோடு கேட்டார்:
"எந்த எஸ்டேட்டு? கல்யாணம் ஆயிருச்சா?
நம்ம என்ன ஆளுங்க?"

ஆண் என்று நம்பிவிட்டால்
அடுத்த கேள்விகள் இவைதாம் போல.
எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரில்.
மீசையை மட்டும் கேட்காமலே
அழகாக ஒதுக்கிவிட்டிருந்தார்.
வெளியே வந்தபோது ஏரி தெரியவில்லை, பனி.
கொஞ்ச நேரத்தில் விலகி
எல்லோரும் தெரிந்தார்கள்,
நானும்.

வெள்ளிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

திங்கள் காலை ஃபேனை நிறுத்தினேன்.
நாற்பது ஜோடி.
கடைசி இலக்கம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
நிற்காமல் தத்தளித்தது.
"காத்து எங்கிருந்து வருதுன்னு பாரு பாப்பா."
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.
குனிந்திருந்தவன் நிமிர்ந்து
ஓரடி பின்னால் தள்ளி நின்றேன்.

இலக்கம் நின்றது.