ஃபெரிட்டின் பதினொன்று

வலிக்கிறதா என்றார் டாக்டர் ரெஹானா. இல்லை.
மரத்துப்போகிறதா? இல்லை.
எரிச்சல், அரிப்பு, குத்தல்?
இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல
பொய் சொல்கிறவள் முகம் எனக்கு வந்துவிட்டது.
கெண்டைக்கால் எலும்புக்குள்ளே
யாரோ சோடா திறந்த மாதிரி
என்றேன் கடைசியில்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஏழு மணிக்குத் தொடங்கும்.
மஞ்சூர்க் கடைவீதியில் பனி இறங்கி
பேக்கரி பல்பைச் சுற்றி மஞ்சள் ஊறுகிற நேரம்.
பகலெல்லாம் தராசுப் பக்கத்தில் நின்று
இலை எடை போட்ட கால்கள்
உட்கார்ந்தால் முறுக்கிக்கொள்ளும்,
படுத்தால் தூக்கிப் போடும்.
கோவை பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தான் ஹாலன்.
கெத்தை வளைவுகள் நாற்பத்து மூன்றையும்
கம்பியைப் பிடித்து நின்றே இறங்கினேன்.
ஜன்னலோரம் என் பை மட்டும்
மகாராணி போல உட்கார்ந்து வந்தது.

காலாட்டினால் வீட்டில் காசு தங்காது
என்பாள் அத்தை.
காசு எப்போது தங்கியது
நான் ஆட்டி விரட்ட?

கோளாறு காலில் இல்லையாம்.
மூளையின் அடியில் கரிய துண்டு ஒன்று,
அங்கேதான் டோபமைன் காய்ச்சுகிறார்கள்,
அந்த அடுப்புக்கு இரும்பு வேண்டும்.
பொழுது சாய்ந்தால்
எல்லோருக்கும் அது கொஞ்சம் இறங்கும்,
உங்களுக்கு அடிமட்டம்வரை இறங்குகிறது
என்றார்.
கீழே பவர்ஹவுஸ் ஓடிக்கொண்டிருக்க
மேலே எங்கள் பல்பு அழுது வடியும்.
லோ வோல்டேஜை
எனக்கு விளக்க வேண்டியதே இல்லை.

குளூட்டமேட் என்று இன்னொன்று.
எழு எழு என்று கத்துகிற ஆள்.
படு என்று சொல்லவேண்டிய அடினோசினுக்குத்
தொண்டை கட்டியிருக்கிறது போல.
போல என்றுதான் சொன்னார்.
இதில் பாதிதான் தெரியும், மீதி ஊகம்
என்று ஒத்துக்கொண்ட டாக்டரை
அன்றுதான் பார்த்தேன்.

ஊட்டியிலிருந்து ரத்தத்தின் சீட்டு வந்தது:
ஃபெரிட்டின் பதினொன்று.
ஒரு நாளைக்கு எத்தனை டீ?
எட்டு. ஒன்பதும் ஆகும்.
சாப்பாட்டோடு குடிக்காதீர்கள்,
இரும்பை உள்ளே விடாது
என்று சொல்லும்போது
அவர் குரல் ஏனோ தாழ்ந்தது.
ஜன்னலுக்கு வெளியே
மலை முழுக்கத் தேயிலை
கேட்டுக்கொண்டு நின்றது.

மாத்திரை. எலுமிச்சைச் சாறு.
இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டீ,
அதற்குள் ஃபேக்டரிச் சங்கு ஊதிவிடும்.
மூன்று மாதம் ஆகலாம், சிலருக்கு மேலும்.

உதை வாங்கி அலுத்த ஹாலன்
போர்வையோடு அடுத்த அறைக்குப் போய்
நாள் பத்தாகிறது.
நேற்று அவனாகவே வந்தான்.
விளக்கைப் போடவில்லை,
எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை.
என் காலை மடியில் எடுத்துவைத்து
கட்டைவிரலால் அழுத்தினான்,
டயரில் காற்று பார்க்கிற மாதிரி.
பத்து நிமிடம் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டு மணி.
கேஸ் அடுப்பிலிருந்து பீரோவுக்கு,
பீரோவிலிருந்து அடுப்புக்கு.
சிமெண்ட் தரை பனிக்கட்டி,
பாதத்துக்கு அது இதம்.
முட்டைக்கோஸ் பாத்தியில்
காட்டெருமை ஒன்று நிற்கிறது,
வெள்ளைக் காலுறை போட்ட பெரிய இருட்டு.
விரட்டினால் ஊரே எழும்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அது மெல்லுகிறது,
இந்தப்பக்கம் நான் நடையை நிறுத்திப் பார்க்கிறேன்.

நிறுத்த முடிந்தது
ஒரு மூச்சு நேரம்.

அது பின்னங்காலை மாற்றி நின்றது.
நானும்.