கேம்ப்

என் சீட்டுக்காசு, அவன் மோட்டார் சைக்கிள் விற்ற காசு,
மிச்சத்துக்கு வங்கிக் கடன்.
பஞ்சிகாவத்தைப் பின்ஒழுங்கையில் அது நின்றது:
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு டபுள் கெப்.
முதுகில் யாரோ ஏற்றிப் பூட்டிய அலுமினியப் பெட்டி.
பெட்டிக்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல்,
கூரையில் நான்கு ஓட்டை.

"ஸ்பீக்கர் பூட்டினது" என்றார் பிரேமசிறி.
லொத்தர் டிக்கெட் விற்ற வாகனமாம்.
வெள்ளைப் பெயின்டுக்குக் கீழே
சிங்களத்தில் ஒரு சொல் இன்னும் தெரிந்தது:
நாளைக்கு.
நாளைக்கு என்ன என்பதை
நன்றாகத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

குகசீலன் கீழே படுத்து சேசியைத் தட்டினான்.
கப்பல் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவன்;
தட்டினால் என்ன சத்தம் கேட்கவேண்டுமென்று
அவனுக்கு எங்கே தெரியும்.
ஆனாலும் மூன்று தரம் தட்டி
"ம்" என்றான்.
அந்த ஒரு "ம்"முக்கு ஐம்பதாயிரம் குறைந்தது.

அன்று பின்னேரமே மிதுரா
கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிவிட்டாள்:
"நாங்கள் கேம்புக்குப் போறம்!"

வாசலில் நின்றவன்
ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றான்.
"கேம்ப் எண்டு சொல்லாதை."
"அப்ப என்ன சொல்றது?"

யோசித்தான்.
முகாம் என்றால் அதேதான்,
அவன் நிவாரண அட்டையில் அச்சடித்திருந்த சொல்.
பாசறை என்றேன் நான்; அதில் படையல்லவா இருக்கும்.
சுற்றுலா என்றான்.
"சுற்றுலாவுக்குப் போனால் ஹோட்டலில படுக்கிறது" என்றாள் மகள்.
சோறு ஆறிப்போயிற்று.

நான் இங்கேயே பிறந்தவள்.
எண்பத்து மூன்றில்
ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் சீமெந்துத் தரையில்
பதினெட்டு நாள் கிடந்தாளாம் அம்மா,
ஏழு மாதம், நான் வயிற்றில்.
அந்தக் கணக்கில் நானும் கேம்புக்குப் போனவள்தான்.
அதை அன்றைக்கு மேசையில் சொல்லவில்லை.

பெட்டிக்கு அனுமதி வாங்கவேண்டுமாம்.
நாரஹேன்பிட்டியில் ஒரு யன்னலில் இருந்து
இன்னொரு யன்னலுக்கு அனுப்பினார்கள்.
"இது சுமையா, வீடா?" என்று கேட்டார் ஓர் அதிகாரி.
உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

கற்பிட்டிக் கடற்கரை தள்ளிப்போனது.
பிள்ளைகள் விடவில்லை.
சனிக்கிழமை இரவு
எங்கள் தொடர்மாடியின் கார் தரிப்பிடத்திலேயே படுத்தோம்,
சமையலறை யன்னலுக்கு நேர் கீழே.

பதினொரு மணிக்கு மழை.
மூன்று ஓட்டைக்குத்தான் சிலிக்கன் வைத்திருந்தான்.
நாலாவது ஆரணனின் தலையணைக்கு மேலே.
சட்டியை வைத்தோம்; சொட்டுச் சொட்டாய்
அவன் நூற்றுப் பத்து வரை எண்ணி
நித்திரையானான்.

பிறகு, தகரத்தில் மூன்று தட்டு.
டோர்ச் வெளிச்சம்.
"கவுத?"

காவலாளிதான்.
கதவைத் திறந்து மிதுரா
"அங்கிள், கேம்பிங்!" என்றாள்.
குடைக்குள் அவர் சிரித்தது கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன்.
குகசீலன் எழுந்து உட்கார்ந்திருந்தான்,
முதுகு நிமிர்ந்து, கண் திறந்து,
கையில் அடையாள அட்டை.
தலையணைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை:
பிறப்புப் பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள்,
எங்கள் கலியாணப் பதிவு,
இரண்டு மெழுகுதிரி.
வீட்டிலிருந்து மூன்று மாடி தூரத்துக்கு.

ஒன்றும் கேட்கவில்லை நான்.
அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.
கதவைச் சாத்தப் போனபோது
"கொஞ்சம் திறந்து விடு" என்றான்.
மழை அவன் காலில் அடித்தது. இழுக்கவில்லை.

விடிய பாண்காரனின் ஓட்டோ பாட்டோடு வந்தது.
யன்னலாலேயே கை நீட்டி
நாலு மாலு பணிஸ் வாங்கினோம்.
"லொத்தருக்குள்ள சாப்பிடுறம்" என்றான் ஆரணன்.
அதற்குப் பிறகு அதன் பெயர் லொத்தர்.
"லொத்தருக்குப் போவமா?" என்று
மற்ற வெள்ளிக்கிழமை அவனே கேட்டான், குகசீலன்.

பையை மேலே கொண்டுவரப் பார்த்தேன்.
"அது அதுக்குள்ளேயே கிடக்கட்டும்."
சரி என்றேன்.
மெழுகுதிரிக்குப் பக்கத்தில்
ஒரு பக்கெற் கிறீம் கிறாக்கர் வைத்தேன்.