உப்புக் காத்து, மேடம்

வாங்கிய பதினெட்டு நாளில்
விழுந்தது இருபத்தாறு தடவை.
முதல் தவணைகூட இன்னும் வங்கியில் பிடிக்கவில்லை.

நண்டு கம்பெனிக் கணக்கு என்னுடையது.
தங்கச்சிமடம், ஐஸ் ஆலைக்குப் பின்கட்டு.
பெரியது, நடுத்தரம், பொடி, கால் போனது என்று
நான்கு விலை.
சதை எடுக்கிற நாற்பத்தொரு பெண்களுக்குச்
சனிக்கிழமை கூலி.
ஜெனோவாக்கா பெயர் வரைக்கும் வந்திருப்பேன்,
திரை நீலமாகும்.
ஒரு சோக முகம், ஒருக்களித்துப் படுத்தபடி.
உங்கள் கணினியில் ஏதோ பிரச்சினை என்று
எனக்கே சொல்லும்.
பூஜ்யம் சதவீதம். இருபது. அப்புறம் நூறு.
எதில் நூறு என்று சொல்லாது.

"போட்டு எஞ்சின் மாதிரிதான் போல,
ஓரமாத் தட்டிப் பாரு ரெக்சலின்" என்பார் ஜெனோவாக்கா.
தட்டியும் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் தூக்கிக்கொண்டு போனேன்.
ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடை.
பழுது பார்க்கிற பையன் பெயர் வழிவிட்டான்.
பெயரில் மட்டும்.
மூடியைக்கூடத் திறக்காமல்
"உப்புக் காத்து, மேடம்" என்றான்.
"கடலோரம் வச்சா இப்படித்தான். வாரண்டில வராது."

உப்பை எனக்குத் தெரியும்.
உப்பு பொறுமைசாலி.
எங்கள் சன்னல் கம்பியை
நான்கு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறது,
இன்னும் பாதி மிச்சம்.
ஒன்பது நாளில் அதற்குப் பசியே எடுக்காது.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு.
நேரம். என்ன திறந்திருந்தது. கரண்ட் உண்டா இல்லையா.
காற்று எந்தப் பக்கம்.
ஆமாம், அதையும் எழுதினேன்.
கச்சானில் ஆறு. கொண்டலில் ஐந்து.
காற்றே அசையாத மதியங்களில் ஏழு.

ஐஸ் ஆலை மோட்டார் இழுக்கிற இழுப்பில் இருக்கும் என்று
ரெண்டு நாள் அதன்மேல் பழி போட்டேன்.
பேட்டரியில் ஓட்டினேன், அப்போதும் விழுந்தது.
மோட்டாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
புதுப்பிக்கச் சொன்னதையெல்லாம் புதுப்பித்தேன்.
புதுசை எப்படிப் புதுப்பிப்பது என்று தோன்றியது,
இருந்தாலும் புதுப்பித்தேன்.
முழுக்கத் துடைத்து மறுபடி ஏற்றினேன்.
மறுநாள் பதினொன்று பத்துக்கு,
ஜெனோவாக்கா பெயரில்,
நீலம்.

ஞாயிறு ராத்திரி மெமரிச் சோதனையை ஓடவிட்டுப்
பக்கத்திலேயே பாய் போட்டேன்.
கடைசி பஸ் பாம்பன் பக்கம் போனது.
ரெண்டு மணிக்கு வல்லம் தள்ளுகிற சத்தம்.
கண் விழித்தபோது திரை முழுக்கச் சிவப்பு வரி,
வத்தல் காயப்போட்ட மாதிரி.

இலவசம் என்று கடையில் கூடுதலாகச் செருகித் தந்த
அந்த ரெண்டாவது மெமரிப் பட்டை.
"உங்களுக்காக ஸ்பெஷலா, மேடம்."

ஜெட்டியில் ஜிபிஎஸ் சரிபார்க்கும் இன்னாசியிடம்
பொடி ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன்.
பத்துத் திருகு. சோற்றுத் தட்டில் வரிசையாக வைத்தேன்.
நண்டு ஓட்டுக்குக் கொடுப்பது போல
ஒரு மூலையில் நகம் கொடுக்க
முதுகு திறந்தது.
பட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
தங்கப் பல் வரிசை. துரு இல்லை.
எட்டைக் கொடுத்தால் எட்டு என்று வாங்கிக்கொண்டு
திரும்பக் கேட்கும்போது ஒன்பது என்கிற ஜாதி.
எங்கள் எடைத் தராசுக்காரர் ஒருவர் இருந்தார் இப்படி,
அது வேறு கதை.

இப்போது பாதி நினைவில் ஓடுகிறது.
மெதுவாக, இரைத்துக்கொண்டு.
ஆறு நாளாய் விழவில்லை.
ஏழாம் நாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்று ஜெனோவாக்கா பெயரைத் தாண்டினேன்.
அவருக்குக் கீழே பதினாறு பேர்,
எல்லாருக்கும் ஐந்து மணிக்குள் கூலி.

திங்கட்கிழமை முதல் பஸ்.
பையில் நோட்டு, டப்பாவில் பட்டை.
வழிவிட்டான் உப்பு என்று வாய் திறந்தால்
சொல்ல ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன்:
நக்கியே பார்த்துட்டேன் தம்பி,
இல்ல.