இருபத்து நான்காவது

பர்கூர் ரோட்டு மாங்கூழ் ஆலையில்
எடைமேடை வைஃபை ஒன்பதரைக்கே செத்திருக்கிறது.
வெளியே பதினோரு டெம்போ பெங்களூரா மாங்காய்
தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்துக் கிடக்க,
ஸ்கேனரை ஆட்டி ஆட்டிப் பார்த்தபடி
விடியும்வரை நின்றார் திம்மராயன்.

தலைமாட்டில் போனோடு தூங்கிய எனக்கு
ஒரு மெசேஜ் இல்லை.

மெயில் சர்வர் சரி. என் நம்பர் சரி.
ஐந்து நிமிடத்துக்கொரு தடவை
மானிட்டர் கேட்டிருக்கிறது, பதிலும் வாங்கியிருக்கிறது.
இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று, பச்சை.
லாக்கில் ஒரு பொய் கிடையாது.

நான் ஏணி போட்டு மாட்டியதோ
இருபத்து நான்கு.

செத்ததன் வரியையே
கன்ட்ரோலர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது.
இருப்பவர்களைக் கூப்பிட்டு
யாரெல்லாம் இல்லை என்று கேட்டால்?

பெயர்களை நானே தட்டி ஏற்றினேன்.
ஒன்று குறைந்தாலும் கத்து என்றேன்.
ஒயரைப் பிடுங்கினேன். போன் அதிர்ந்தது.

"சரியாப் போச்சா சார்?" என்றார்.
போச்சு என்றேன்.
"அந்த ராத்திரிக்கு எனக்கு அட்டென்டன்ஸ் ஏறல.
அதுவும் இதே ஸ்கேனர்லதான்."

திறந்து பார்த்தேன்.
லீவு என்றுகூட இல்லை.