பிறிதின்கிழமை

மழை விட்டு விட்டுப் பெய்த வாரம், குறிஞ்சிப்பாடியில்.
காலைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும் முறை
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில்
பதினேழாம் எண்ணுக்கு வந்து நின்றது: நிரோஜினி.

பட்டியல் போட்டவன் நான்.
வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன்,
வேறெதையும் பார்க்கவில்லை.

திங்கள் மாலை, சைக்கிள் நிறுத்துமிடத்தில்
மேலாண்மைக் குழு தெய்வசிகாமணி:
"அந்தப் பொண்ணு கேம்ப்பு சார்.
அது எப்படி என் நாடுன்னு சொல்லும்?
சொன்னா பொய்யி. சொல்லலன்னா வம்பு.
பதினெட்டுக்குத் தாண்டிடுங்களேன்."

கெட்டவர் இல்லை.
போன வெள்ளத்தில் அதே முகாமுக்கு
மூன்று அண்டா சாம்பார் சாதம் அனுப்பியவர்.

"யோசிக்கிறேன்" என்றேன்.
எதையும் யோசிக்க விருப்பமில்லாதபோது
நான் சொல்கிற சொல் அது.

புதுச்சேரியில் என் சித்தப்பா மகன் வீட்டுப் பிள்ளைகள்
கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு தேசத்தின் கீதத்தை
மூக்கால் பாடுவார்கள்.
அந்த மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை.
யாரோ ஒரு மூதாதை
ஒரு காகிதத்தில் ஒப்பமிட்டிருந்தார், போதும்.
நாங்கள் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துக் கைதட்டினோம்.
பொய் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நிரோஜினி பிறந்தது மஞ்சக்குப்பத்தில்,
கடலூர் அரசு மருத்துவமனையில்.
படகில் வந்தபோது அவள் அப்பாவுக்கே ஏழு வயது.
அவள் பார்த்திராத தீவை
குடியுரிமை என்ற கட்டத்துக்குள்
ஆண்டுதோறும் எழுதுவது என் பேனா.

வரிசையில் நிற்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.
முகாமில் தலை எண்ண வரும் நாளில்
நெய்வேலிக்குப் பெயிண்ட் அடிக்கப் போன அப்பா
பிரஷ்ஷைக் கழுவாமல் ஓடி வருவார்.

செவ்வாய். இலக்கணம். ஆறாம் வேற்றுமை.
எனது கை: தற்கிழமை, பிரிக்க முடியாதது.
எனது பேனா: பிறிதின்கிழமை, பிரிந்து போகக்கூடியது.
சன்னலோரமாக எழுந்தாள்.
"சார், எனது நாடு... அது எது சார்?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
"தற்கிழமை!" என்று கத்தினான் கோகுலன்.
தப்பான விடைதான் அவனுக்கு எப்போதும் சத்தமாக வரும்.
புத்தகத்தைப் புரட்டினேன்.
பொருள், இடம், காலம்.
இடம் அங்கேதான் இருந்தது,
இருபத்தாறு வருடமாக நான் நடத்துகிற பக்கத்தில்.

"பிறிதின்கிழமை" என்றேன்.
"எல்லாருக்குமா சார்?"
"எல்லாருக்கும்."
எழுதிக்கொண்டாள். ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டாள்.

பட்டியலை நான் மாற்றவில்லை.
துணிச்சல் என்று நினைக்க வேண்டாம்.
புதன் காலை மழை வரும், கூட்டம் நடக்காது
என்று வானத்தைப் பார்த்தபடிதான் வண்டியை ஓட்டினேன்.
வெயில் அடித்தது.

கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சேறு.
மைக்கின் அருகே திரும்பி என்னைப் பார்த்தாள்.
"சேர், வாசிக்கட்டோ?"
பள்ளிக்கூடத்துச் 'சார்' எங்கோ தவறிவிட்டிருந்தது.

கையை நீட்டி வாசித்தாள்.
ரேஷன் கார்டில் பெயர்களைச் சரிபார்ப்பதுபோல்
ஏற்றமில்லை, இறக்கமில்லை.
'எனது' என்ற இடத்தில் மட்டும்
அரை மாத்திரை நின்றாள்.
அறுநூறு பேரும் அவளோடு நின்றோம்.

தினமும் மூன்றாம் வரிக்குள்
வீட்டுக்கடனுக்குப் போய்விடும் என் மனசு
அன்று அந்த அரை மாத்திரையைத் தாண்டவில்லை.
நீட்டிய கை எனக்கு வலித்தது.
கேட்டுக்கு வெளியே தெய்வசிகாமணி,
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.
உதடு அசைந்ததா, தெரியவில்லை.

பிறகு வகுப்பில் ஒரு விடுப்புக் கடிதம் நீட்டினாள்.
சனிக்கிழமை முகாமில் தணிக்கை,
முதல் இரண்டு பாடவேளை வர இயலாது.
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி.

ஓரத்தில் 'அனுமதி' என்று எழுதி
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
"தேதி போடலையே சார்" என்றாள்.
போட்டேன்.