மூன்று சீட்டு

வண்ணார்பேட்டையில்
செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே என் அறை.
பதினெட்டுப் படி.
பன்னிரண்டாவதில் எல்லோரும் ஒருதரம் நிற்பார்கள்,
மூச்சு வாங்கவா, திரும்பிப் போகவா, தெரியாது.
டாரட். மூன்று சீட்டு, முந்நூறு ரூபாய்.
நேராக விழுந்தால் ஆம்,
தலைகீழாக விழுந்தால் இல்லை,
மூன்றில் எது அதிகமோ அது பதில்.

கேள்வியின் முந்தியிலேயே
பதிலை முடிந்துகொண்டு வருகிற ஊர் இது.
"வேலை கிடைச்சிரும்லா?" என்பான் பேட்டைக்காரப் பையன்.
"அவ திரும்பி வரமாட்டால்லா?" என்பார் தச்சநல்லூர் சார்.
அந்த 'லா' காதில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும்
எந்தச் சீட்டுக்குக் கண் கலங்கும் என்று.
சீட்டுக்குத் தெரியாது.
அது கொரியரில் வந்த அட்டை,
ஓரமெல்லாம் பிசுபிசுத்துப்போனது.

என் சங்கடம் வேறு.
தலைகீழாக விழுகிறது. இல்லை என்கிறது. சரி,
எந்த இல்லை?
நடக்காதா, நடக்கக் கூடாதா,
முடியாதா, வேண்டாமா, மாட்டேனா?
சீட்டு பிறந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமாம்.
இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல்.
வாசல் மாறித் தட்டி
ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறேன்,
பாளையங்கோட்டையில், பந்தக்கால் நட்ட பிறகு.

முப்பிடாதி வந்தது ஐப்பசி மழையில்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை.
"எக்கா, நானும் நாள் முழுக்க இதைத்தான் சொல்லுதேன்.
இருக்கு, இல்ல, இருக்கு, இல்ல.
எங்ககிட்ட இல்லன்னு சொன்னாத்தான்
சனம் கையெடுத்துக் கும்பிடும்."

தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது.
களக்காட்டு வாழையில் தன் பங்கைக் கேட்டதற்கு
ஒன்பது வருஷமாய் இவளோடு பேசாத தம்பி.
இவளுடையது பொருந்துகிறது என்று
மதுரையிலிருந்து தாள் வந்திருக்கிறது.
"குடுத்திருவால்லா?" என்று
சொந்தபந்தம் எல்லாம் அவள் புருஷனிடம் கேட்கிறதாம்.

"குடுக்கலாமா?" என்றாள்.
அவ்வளவுதான். லா இல்லை.

முதலாவது, தராசு பிடித்துக் காசு போடுகிறவன். நேர்.
இரண்டாவது, கண்ணைக் கட்டிக்கொண்டு
இரட்டை வாள் ஏந்தியவள். தலைகீழ்.
மூன்றாவது, ஒற்றைக் காலில் கட்டித் தொங்கவிட்டவன்.
எனக்கு அவன் நின்றுகொண்டிருந்தான்.
தொங்குகிறவன் நின்றால் சீட்டு தலைகீழ், அதுதான் கணக்கு.
"இல்லை" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துக் குனிந்தாள்.
"எனக்கு அவன் தொங்கிக்கிட்டுல்லா இருக்கான்."
விரலை வைத்து எண்ணினாள்.
"எனக்கு ரெண்டு ஆமா, ஒரு இல்ல.
உங்களுக்கு ரெண்டு இல்ல, ஒரு ஆமா.
யாரு பக்கம் இருந்து பாக்கணும்க்கா? கேட்டது நான்லா?"

வாசிக்கிறவர் பக்கம்தான் என்று சொன்னேன்.
ஏழு வருஷத்தில் யாரும் கேட்காததால்
என் குரல் எனக்கே
கவுண்டருக்கு உள்ளேயிருந்து வருவதுபோல் இருந்தது,
சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க என்பதுபோல்.

"லேப்புல இப்படி வந்தா மறுபடி ரத்தம் எடுப்போம்"
என்றாள். நான் சீட்டை அள்ளப்போனேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
"வேண்டாம்க்கா. குடுக்க எனக்கு மனசில்ல.
அது எனக்குத் தெரியும், அதுக்குச் சீட்டு வேண்டாம்.
மனசில்லாமக் குடுக்கலாமான்னுதான் கேட்டேன்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது.
கீழே கடையில் யாருடைய போனோ
ஒரே பாட்டின் முதல் வரியை
திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தது.
அவள் பணம் அனுப்ப, சுவரிலிருந்த பெட்டி
"முந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று
சந்தேகமில்லாமல் சொன்னது.

ராத்திரி மேசையைச் சுவரோடு ஒட்டி இழுத்துப்போட்டேன்.
இனி வருகிறவர்கள் என் பக்கத்திலேயே உட்காரலாம்.
இடிக்கத்தான் செய்கிறது.
பீரோ பாதிதான் திறக்கிறது,
பச்சைச் சேலையை எடுக்க
கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது.